பழைய ஒளிப்படக்கருவிகளைச் சீரமைத்தல்

பழைய ஒளிப்படக்கருவிகளைச் சீரமைத்தல் என்பது, படச்சுருளைப் (பிலிம்) பயன்படுத்திக் கையால் இயக்கப்படும் ஒளிப்படக்கருவிகளை (கேமராக்களை) மீண்டும் படம் எடுக்கக்கூடிய நிலைக்குக் கொண்டுவரும் பணியாகும். கருவியைத் துடைத்து மெருகேற்றிக் காட்சிப் பொருளாக வைப்பது இதில் அடங்காது. ஷட்டர் குறித்த வேகத்தில் இயங்குதல், வில்லை (லென்ஸ்) தெளிவாக இருத்தல், உடற்பகுதியில் ஒளி கசியாதிருத்தல், ஒளிமானி நம்பத்தக்க அளவைக் காட்டுதல் ஆகிய நான்கும் அமைந்தால் மட்டுமே சீரமைப்பு முழுமை பெற்றதாகக் கொள்ளலாம்.

1950களிலிருந்து 1970கள் வரை செய்யப்பட்ட கருவிகளில் பித்தளை, எஃகு, அலுமினியம், கண்ணாடி ஆகியவையே முதன்மையான பொருட்கள். அளவாகப் பயன்படுத்தப்பட்ட கருவிகளில் இவை அரை நூற்றாண்டு கடந்தும் பெரிதாகத் தேய்வதில்லை. நுரைப்பஞ்சு, மசகு, மின்கலம், துணித்திரை முதலியனவே முதலில் கெடுகின்றன. எனவே சீரமைப்பின் பெரும்பகுதி, கெட்டவற்றைச் சரியாக அடையாளம் கண்டு மாற்றுவதும், கெடாதவற்றைத் தொடாமல் விடுவதும் ஆகும். இக்கருவிகளுக்கு உதிரிப் பாகங்கள் இப்போது உற்பத்தி செய்யப்படுவதில்லை. ஆகையால், காலத்தால் ஏற்படும் பழுதைவிடத் தவறான சீரமைப்பால் ஏற்படும் சேதமே பல நேரங்களில் திருத்த முடியாததாக அமைந்துவிடுகின்றது.

இக்கட்டுரையில், சப்பானில் செய்யப்பட்ட அசாகி பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் என்னும் கருவி முதன்மையான எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றது.

அசாகி பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக்

அசாகி ஆப்டிகல் நிறுவனம் 1952 இல் அசாகிபிளெக்ஸ் என்னும் கருவியை வெளியிட்டது. இதுவே சப்பானின் முதல் 35 மி.மீ. ஒற்றை வில்லை எதிரொளிப்புக் கருவி (எஸ்.எல்.ஆர்.) ஆகும். 1957 இல் ஐங்கோணப் பட்டகம் கொண்ட அசாகி பென்டாக்ஸ் வெளிவந்தது. வில்லை வழியாக வரும் ஒளியையே அளக்கும் ஸ்பாட்மேட்டிக்கின் முன்மாதிரி, செருமனியின் கோல்ன் நகரில் நடைபெற்ற 1960 ஆம் ஆண்டு போட்டோகினா கண்காட்சியில் வைக்கப்பட்டது. விற்பனைக்கு வந்தது 1964 இல் ஆகும். முன்மாதிரி, காட்சியின் ஒரு சிறு புள்ளியின் ஒளியை மட்டும் அளந்தது. பெயரும் அதனால் வந்தது. விற்பனைக்கு வந்த கருவியோ காட்சி முழுவதன் சராசரி ஒளியை அளந்தது. எனினும் பெயர் மாற்றப்படவில்லை.

இக்கருவியின் ஷட்டர், ரப்பர் பூசிய துணியாலான இரண்டு திரைகளைக் கொண்டது. இத்திரைகள் கிடையாக ஓடுகின்றன. 1 நொடி முதல் 1/1000 நொடி வரையான வேகங்களும், விரலை எடுக்கும்வரை திறந்திருக்கும் "பி" நிலையும் உண்டு. வில்லைகள் எம்42 எனப்படும் திருகு முறையில் பொருத்தப்படுகின்றன. இதன் விட்டம் 42 மி.மீ., புரியிடைத் தூரம் 1 மி.மீ. ஆகும். மின்கலம் ஒளிமானிக்கு மட்டுமே தேவை. மின்கலம் இல்லாவிட்டாலும் எல்லா ஷட்டர் வேகங்களும் இயங்கும். இக்கருவி சீரமைப்போரிடையே விரும்பப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம் எனலாம்.

கெடும் பகுதிகள்

நுரைப்பஞ்சு

பின்கதவின் ஓரங்களில் ஒளி கசியாமல் தடுப்பதற்கும், மேலெழும் கண்ணாடி மோதும் அதிர்ச்சியைத் தாங்குவதற்கும் பாலியூரித்தேன் நுரைப்பஞ்சு பயன்படுத்தப்பட்டது. இது காற்றிலுள்ள ஈரத்துடன் வினைபுரிந்து, காலப்போக்கில் தார் போன்ற ஒட்டும் பொருளாக மாறுகின்றது. இதன் துகள்கள் ஷட்டர் திரையிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டால் கருவியின் இயக்கம் தடைப்படும். ஐங்கோணப் பட்டகத்தின் மேல் நுரைப்பஞ்சு வைக்கப்பட்ட சில கருவிகளில், அது பட்டகத்தின் வெள்ளிப் பூச்சையே அரித்துவிடுவதுண்டு.

பழைய நுரைப்பஞ்சை மரக்குச்சியால் சுரண்டி, எஞ்சிய பசையை ஐசோபுரோப்பைல் ஆல்ககால் தோய்த்த பஞ்சினால் நீக்குவது வழக்கம். இவ்வேளையில் ஷட்டர் திரையைத் தாளால் மூடி வைக்கவேண்டும். எதிரொளிப்புக் கண்ணாடியின் வெள்ளிப் பூச்சு அதன் முன்பக்கத்திலேயே இருப்பதால் அதைத் துடைப்பது ஆபத்தானது. குவியத்திரை நெகிழியால் ஆனது. கரைப்பான் பட்டால் நிரந்தரமாக மங்கிவிடும். புதிய நுரைப்பஞ்சு முன்பிருந்ததன் தடிமனுக்கு ஒத்ததாக இருக்கவேண்டும். தடிமன் மிகுந்தால் கதவு சரியாக மூடாது. கண்ணாடியும் முழுமையாக மேலெழாது. ஒடுங்கிய பள்ளங்களுக்குக் கறுப்புக் கம்பளி நூலும் போதுமானது.

மசகுப் பொருட்கள்

கிரீஸ் உலர்ந்தால் அது பசையாகின்றது. அதிலிருந்து பிரியும் எண்ணெய் வேறு இடங்களுக்குப் பரவுகின்றது. முதலாவதன் அறிகுறி, 1 நொடி, 1/2 நொடி போன்ற மெதுவான வேகங்களில் ஷட்டர் நடுவழியில் நின்றுவிடுவதாகும். இவ்வேகங்களை ஒரு பற்சக்கரத் தொகுதி கட்டுப்படுத்துகின்றது. அதிலுள்ள மசகு இறுகினால் சக்கரங்கள் சுழலமாட்டா. இரண்டாவதன் அறிகுறி, வில்லையின் துளை இதழ்களில் எண்ணெய் படிவதாகும். துளை இதழ்களுக்கு மசகே தேவையில்லை. அவை முற்றிலும் உலர்ந்திருந்தால்தான் படம் எடுக்கும் கணத்தில் விரைந்து மூடும். எம்42 வில்லையின் பின்புறமுள்ள சிறு ஊசியை விரலால் அழுத்தி இதனைச் சோதிக்கலாம். இதழ்கள் தயங்கி மூடினால், படம் தேவைக்கு மேல் ஒளி பெறும்.

கடைகளில் கிடைக்கும் தெளிப்பு எண்ணெயை உள்ளே அடிப்பது, இத்துறையில் பரவலாகக் காணப்படும் தவறாகும். ஷட்டர் சிறிது நேரம் இயங்குவதுபோல் தோன்றும். பின்னர் எண்ணெய் திரைகளுக்கும் துளை இதழ்களுக்கும் பரவி, முன்பு நல்ல நிலையில் இருந்த பகுதிகளையும் கெடுத்துவிடும். பழைய மசகைக் கரைப்பானால் கழுவி நீக்கியபின், கடிகார எண்ணெயை ஊசிமுனையளவு மட்டும் இடுவதே சரியான முறையாகும்.

குவியத் திருகின் கிரீஸை மாற்றும்போது இன்னொரு கவனம் தேவை. இத்திருகு பல தொடக்கங்களைக் கொண்ட புரிகளால் ஆனது. அது பிரியும் இடத்தைக் குறித்துக்கொள்ளாமல் கழற்றினால், மீண்டும் பூட்டும்போது பல தொடக்கங்களில் எது சரியானது என்பது தெரியாது. தவறான தொடக்கத்தில் பூட்டப்பட்ட வில்லை தொலைவிலுள்ள பொருளைக் குவியப்படுத்தாது.

மின்கலம்

1960களின் ஒளிமானிகள் பலவும் 1.35 வோல்ட் பாதரச மின்கலத்தை நம்பி வடிவமைக்கப்பட்டவை. இம்மின்கலம் தீரும்வரை ஏறத்தாழ ஒரே மின்னழுத்தத்தை வழங்கியது. பாதரசத்தின் நச்சுத்தன்மை காரணமாக, ஐக்கிய அமெரிக்காவில் 1996 ஆம் ஆண்டுச் சட்டத்தினாலும், பின்னர் ஐரோப்பாவிலும் இதன் விற்பனை நிறுத்தப்பட்டது. இப்போது கிடைக்கும் வெள்ளி ஆக்சைடு மின்கலம் 1.55 வோல்ட் வழங்குகின்றது. கார மின்கலம் 1.5 வோல்ட்டில் தொடங்கிப் படிப்படியாகக் குறைகின்றது. காதொலிக் கருவிகளுக்கான துத்தநாக-காற்று மின்கலம் ஏறத்தாழ 1.4 வோல்ட் தருவதால் பழையதற்கு மிக அருகில் உள்ளது. ஆனால் திறந்த சில வாரங்களில் இது தீர்ந்துவிடும்.

ஸ்பாட்மேட்டிக்கில் இச்சிக்கல் எழுவதில்லை. அதன் ஒளிமானி ஒரு பாலச் சுற்று ஆகும். ஒளியுணரியின் தடையும், வேகம், படச்சுருள் உணர்திறன் ஆகியவற்றால் அமைக்கப்படும் தடையும் சமநிலை அடையும்போது முள் நடுவில் நிற்கும். சமநிலை தடைகளின் விகிதத்தைப் பொறுத்தது. மின்கலத்தின் அழுத்தத்தைப் பொறுத்ததன்று. எனவே அளவில் சற்றுச் சிறிய வெள்ளி ஆக்சைடு மின்கலத்தை ஒரு ரப்பர் வளையத்துடன் வைத்தால் போதுமானது. இவ்வகைச் சுற்று இல்லாத ஒலிம்பஸ் ஓ.எம்-1 போன்ற கருவிகளில் அதே மின்கலம் பிழையான அளவைக் காட்டும். அவற்றில் அழுத்தத்தைக் குறைக்க ஒரு ஷாட்கி இருமுனையத்தைச் சேர்ப்பதுண்டு.

வில்லை

வெப்பமும் ஈரமும் மிகுந்த இடங்களில் வில்லைகளின் முதன்மைப் பகை பூஞ்சை ஆகும். சென்னை, கொழும்பு போன்ற கடற்கரை நகரங்களில் இது விரைவாக வளரும். பூஞ்சை சுரக்கும் அமிலம், வில்லையின் மேற்பூச்சையும் நாளடைவில் கண்ணாடியையும் அரிக்கின்றது. தொடக்கத்திலேயே துடைத்து நீக்கினால் தடம் இராது. அரிப்பு ஏற்பட்டபின் பூஞ்சையை நீக்கலாமே தவிர அதன் தடத்தை நீக்கமுடியாது. கருவியுடன் வந்த தோலுறையிலேயே அதனை வைத்திருப்பது பூஞ்சைக்கு உதவும், ஏனெனில் தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும் தன்மையுடையது. காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா செல் பைகளுடன் வைப்பதே நல்லது.

ஸ்பாட்மேட்டிக்குடன் விற்கப்பட்ட 50 மி.மீ. எஃப்/1.4 டகுமார் வில்லைகளில், ஏழு கண்ணாடிக் கூறுகளைக் கொண்ட வகை நாளடைவில் மஞ்சளாகின்றது. ஒளிவிலகல் எண்ணை உயர்த்துவதற்காக அதன் கண்ணாடியில் தோரியம் சேர்க்கப்பட்டது. தோரியத்தின் கதிரியக்கம் கண்ணாடியின் அணு அமைப்பில் நிற மையங்களை உருவாக்குகின்றது. இம்மஞ்சள் நிறம் அழுக்கு அன்று, துடைத்தால் போகாது. வில்லையைப் புற ஊதா ஒளியில் சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை வைத்தால் நிறம் பெருமளவு நீங்கும். வெயிலில் வைப்பதாயின், வில்லையைக் கருவியிலிருந்து கழற்றி, பின்புறத்தை மூடி, கண்காணிப்புடன் வைக்கவேண்டும். குவிக்கப்பட்ட வெயில் தீயை உண்டாக்கக்கூடியது. வழக்கமான பயன்பாட்டில் இவ்வில்லையின் கதிர்வீச்சு குறைவானதே. ஆயினும் இதனை உடைத்தலோ, அரைத்தலோ, கண்ணருகே வைக்கும் உருப்பெருக்கியாகப் பயன்படுத்தலோ கூடாது.

திறக்கும் முன் செய்யும் சோதனை

கருவியைத் திறக்காமலேயே அதன் நிலையைப் பெரும்பாலும் அறிந்துவிடலாம். பின்கதவைத் திறந்து, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து, ஒவ்வொரு வேகத்திலும் ஷட்டரை இயக்கவேண்டும். மெதுவான வேகங்களைக் காதால் கேட்டே ஒப்பிடலாம். நொடிக்கு 240 படங்கள் பதியும் செல்பேசி நிகழ்படத்தைக் கொண்டும் அளக்கலாம். 1 நொடி வேகத்தில் ஷட்டர் சுமார் 240 படங்களிலும், 1/30 நொடியில் சுமார் 8 படங்களிலும் திறந்து காணப்படவேண்டும்.

விரைவான வேகங்களுக்கு இம்முறை பயன்படாது. 1/60 நொடிக்கு மேற்பட்ட வேகங்களில் ஷட்டர் முழுமையாகத் திறப்பதில்லை. முதல் திரை ஓடத் தொடங்கியவுடன் இரண்டாம் திரை பின்தொடர்வதால், ஒரு குறுகிய இடைவெளியே படச்சுருளைக் கடந்து செல்கின்றது. முதல் திரை மசகினால் தாமதித்தால் இரண்டாம் திரை அதனை எட்டிப்பிடித்துவிடும். அப்போது படத்தின் ஒரு பக்கம் இருண்டிருக்கும். ஒரே சீரான வெள்ளைச் சுவரை 1/1000 நொடியில் படமெடுத்தால் இக்குறை புலப்படும். இதற்கு மருந்தாகத் திரைகளின் இழுவிசையைக் கூட்டுவது எளிதாகத் தோன்றினாலும், அது காரணத்தை மறைப்பதாகும். மசகைத் தூய்மை செய்தபின்பும் குறை நீங்காவிட்டால் மட்டுமே இழுவிசையைச் சிறிதளவு மாற்றவேண்டும்.

எல்லா விலகலும் பழுதன்று. 1/1000 எனக் குறிக்கப்பட்ட வேகம் உண்மையில் 1/700 நொடியாக இருப்பின் பிழை அரைப் படி (ஸ்டாப்) மட்டுமே. எதிர்மப் படச்சுருள் இதனை எளிதில் தாங்கும். இவ்வளவு பிழைக்காகக் கருவியைத் திறக்காமலிருப்பதே சிறந்தது.

கருவிகளும் திருகாணிகளும்

சப்பானியக் கருவிகளின் கூட்டல்குறிப் பள்ளத் திருகாணிகள், உலகெங்கும் பரவலான பிலிப்ஸ் வகையை ஒத்துக் காணப்பட்டாலும் அவற்றின் பள்ள வடிவம் வேறானது. அவை சப்பானியத் தொழில் தரத்தின்படி அமைந்தவை. பிலிப்ஸ் திருப்புளி அவற்றில் முழுமையாக அமராமல் வழுக்கி, தலையைச் சிதைத்துவிடும். சிதைந்த திருகாணியைத் துளையிட்டே எடுக்கவேண்டிவரும். ஆகவே சப்பானியத் தரத்திலான திருப்புளி இத்தொழிலின் முதல் தேவையாகும். வில்லையின் பெயர் வளையத்தைக் கழற்ற ரப்பர் அடைப்பானும், துளைகளுள்ள வளையங்களைக் கழற்ற இருமுனைத் திறப்பியும் உதவும்.

கழற்றும் ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுத்து வைப்பதும், திருகாணிகளைக் கழற்றிய வரிசையிலேயே ஒட்டு நாடாவில் ஒட்டி வைப்பதும் வழக்கம். ஒரே தோற்றமுடைய இரு திருகாணிகள் நீளத்தில் அரை மில்லிமீட்டர் வேறுபடலாம். இடம் மாறிய நீளமான திருகாணி உள்ளே ஒரு நெம்புகோலைத் தடுக்கக்கூடும்.

துணைக்கருவிகள்

எம்42 முறையில் பல நாடுகளின் நிறுவனங்கள் வில்லைகளைச் செய்தமையால், கிழக்கு செருமனி, சோவியத் ஒன்றியம் ஆகியவற்றின் வில்லைகளும் ஸ்பாட்மேட்டிக்கில் பொருந்துகின்றன. கருவியின் வில்லைத் தளத்திற்கும் படச்சுருளுக்கும் இடையேயான தூரம் சுமார் 45.5 மி.மீ. ஆகும். இதைவிடக் குறைந்த தூரமுடைய எண்ணிமக் கருவிகளில் எளிய இணைப்பு வளையத்துடன் இவ்வில்லைகளைப் பயன்படுத்தலாம். நிக்கான் எஃப் முறையில் இத்தூரம் 46.5 மி.மீ. ஆதலால், திருத்தக் கண்ணாடி இல்லாமல் தொலைவிலுள்ள பொருளைக் குவியப்படுத்த இயலாது.

ஸ்பாட்மேட்டிக்கின் முன்புறத்தில் மின்வெட்டொளிக்கு (பிளாஷ்) இரண்டு துளைகள் உள்ளன. தற்கால மின்னணு மின்வெட்டொளியை "எக்ஸ்" எனக் குறிக்கப்பட்ட துளையில் இணைத்து, 1/60 நொடி அல்லது அதைவிட மெதுவான வேகத்தில் பயன்படுத்தவேண்டும். "எஃப்.பி." துளை பழைய எரிகுமிழ்களுக்கு உரியது. பழைய மின்வெட்டொளிகள் சிலவற்றின் தூண்டல் அழுத்தம் நூறு வோல்ட்டுக்கும் மேற்பட்டது. அவற்றை எண்ணிமக் கருவியில் பொருத்தினால் அதன் மின்சுற்று பழுதாகலாம்.

பயன்படுத்தும் முறை

படச்சுருளை ஏற்றியபின், முன்னகர்த்தும் நெம்புகோலை இழுக்கும்போது இடப்புறச் சுருட்டுக் குமிழ் சுழல்கின்றதா என்று கவனிக்கவேண்டும். சுழலாவிட்டால் படச்சுருள் நகரவில்லை என்பது பொருள். ஸ்பாட்மேட்டிக்கில் வில்லையருகேயுள்ள பொத்தானை மேலே தள்ளினால் துளை சுருங்கி ஒளிமானி இயங்கும். துளையையோ வேகத்தையோ மாற்றி முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்தபின் படமெடுக்கலாம். இதன் காட்மியம் சல்பைடு ஒளியுணரி, கடும் வெளிச்சத்தைக் கண்டபின் மங்கலான இடத்திற்குப் பழகச் சிறிது நேரம் எடுத்துக்கொள்ளும்.

ஒளிமானி இயங்காத கருவியும் பயனற்றதன்று. தெளிவான வெயிலில் துளையை எஃப்/16 இல் வைத்து, ஷட்டர் வேகத்தைப் படச்சுருளின் உணர்திறன் எண்ணுக்கு அருகில் அமைத்தால் போதும். எடுத்துக்காட்டாக, உணர்திறன் 100 எனில் 1/125 நொடி ஆகும். சீரமைத்த கருவியில் எடுக்கும் முதல் சுருள் ஒரு சோதனையாகும். ஒவ்வொரு படத்தின் வேகத்தையும் துளையையும் எழுதிவைத்தால்தான், கழுவிய சுருளிலிருந்து எஞ்சிய குறைகளை அறியமுடியும். திருமணம், பயணம் முதலிய மீண்டும் வாராத நிகழ்வுகளுக்கு இந்த முதல் சுருளை நம்புதல் ஆகாது.

வேறு கருவிகளுக்கு வேறு நடைமுறைகள் உண்டு. சோர்க்கி, ஃபெட் போன்ற சோவியத் கருவிகளில் நெம்புகோலையோ குமிழையோ சுழற்றி ஷட்டரை ஏற்றிய பின்னரே வேகத்தை மாற்றவேண்டும். பழைய கருவிகளின் தாமத இயக்கி (செல்ஃப் டைமர்) நடுவழியில் சிக்கிக்கொள்வது இயல்பாதலால், சோதிக்கப்படாத கருவியில் அதனைத் தொடாதிருப்பது நல்லது.

படச்சுருள் கிடைத்தல்

சீரமைப்பின் பயன், படச்சுருள் கிடைப்பதைப் பொறுத்தது. கோடாக் நிறுவனம் தனது புகழ்பெற்ற கோடாகுரோம் சுருளின் உற்பத்தியை 2009 இல் நிறுத்தியது. 2012 இல் அந்நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரியது. எனினும் ராச்செஸ்டர் நகரில் படச்சுருள் உற்பத்தி தொடர்ந்தது. இங்கிலாந்தின் இல்ஃபோர்டு, செக் குடியரசின் ஃபோமா ஆகிய பெயர்களிலும் கறுப்பு வெள்ளைச் சுருள்கள் செய்யப்படுகின்றன. தமிழ்நாட்டில் உதகமண்டலத்தில் 1960 இல் நிறுவப்பட்ட இந்திய அரசின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் "இந்து" என்னும் பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருள்களை விற்றது. அதன் உற்பத்தி இப்போது இல்லை.

தொழிலறிவின் தொடர்ச்சி

இக்கருவிகளின் உற்பத்தி நின்றபோது உதிரிப் பாகங்கள் மட்டுமன்றி அவற்றைச் சரிசெய்யும் அறிவும் குறையத் தொடங்கியது. பென்டாக்ஸ் பெயரை இப்போது கொண்டுள்ள ரிக்கோ நிறுவனம், 2022 டிசம்பரில் புதிய படச்சுருள் கருவித் திட்டத்தை அறிவித்தது. 2024 சூனில் பென்டாக்ஸ் 17 வெளிவந்தது. கையால் இழுக்கும் நெம்புகோலை மீண்டும் வடிவமைப்பதற்கு, பழைய வரைபடங்களுடன் ஓய்வுபெற்ற பொறியாளர்களின் உதவியும் தேவைப்பட்டது. ஒருகாலத்தில் மிக எளியதாகக் கருதப்பட்ட ஒரு பொறியமைப்புக்கே இந்நிலை என்பது குறிப்பிடத்தக்கது.

உலகில் எஞ்சியுள்ள ஸ்பாட்மேட்டிக்குகளின் எண்ணிக்கை இனிக் கூடப்போவதில்லை. தவறாகத் திறக்கப்படும் ஒவ்வொன்றும் அதனைக் குறைக்கின்றது. கெட்டதை மட்டும் மாற்றிச் சீரமைக்கப்படும் ஒவ்வொன்றும் மேலும் பல ஆண்டுகள் படமெடுக்கும். இதனால், பழுது இன்னதென்று உறுதியாகத் தெரியும்வரை திருப்புளியை எடுக்காமலிருப்பது அனுபவமுள்ள சீரமைப்பாளர்களின் பொதுவான நடைமுறையாக உள்ளது.

இவற்றையும் பார்க்கவும்

ஒளிப்படவியல்
படச்சுருள்
ஒற்றை வில்லை எதிரொளிப்புக் கருவி
ஒளிமானி
இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ்